அளவு ஒன்று, பேரிங் வேறு

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில், பழைய இரும்புச் சாமான்களுக்கிடையே கிடைத்த இரண்டு பேரிங்குகள் என் மேசைமேல் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 62, அகலம் 17 மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் வேறுபாடு தெரியாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் துடைத்த பிறகுதான், ஒன்றின் வளையத்தில் 6305 என்றும் மற்றதில் என்யூ 305 என்றும் பொறித்திருப்பது புலப்பட்டது. கடற்காற்று படும் ஊரில் முதலில் மங்குவது இந்த எண்தான்.

6305-இல் உருள்பவை குண்டுகள். அவை இரு வளையங்களின் பள்ளத்திலும் பதிந்து உட்கார்வதால், ஷாஃப்டை, அதாவது சுழலும் தண்டை, பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கும். என்யூ 305-இல் இருப்பவை உருளைகள். அதன் உள்வளையத்தில் உருளைகளைத் தடுக்கும் வரப்பு இல்லாததால், கையால் இழுத்தாலே வளையம் தனியாக வந்துவிடும். ஒரு பக்கத்துப் பேரிங் எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்கை நிறுத்திப் பிடிக்க, மறுபக்கத்துப் பேரிங் சூட்டில் நீள்வதற்கு இடம் தரும்படி வடிவமைத்த எஞ்சினில், இரு பக்கமும் என்யூ பொருத்தினால் கிராங்க் பக்கவாட்டில் அலையும். இதே அளவில் என்ஜே 305 என்றும் ஒன்று உண்டு. அதன் உள்வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் வரப்பு இருப்பதால், ஒரு திசையில் மட்டும் தடுக்கும்.

எண்ணின் கடைசி இரு இலக்கங்களை, 04 முதல், ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும். 6205, 6304 இரண்டுக்கும் வெளிவிட்டம் 52, அகலம் 15. ஆனால் உள்விட்டம் முறையே 25, 20. ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்துவிட்டால், அந்தத் தவறு ஷாஃப்டில் ஏற்றும்போதே பிடிபட்டுவிடும். பிடிபடாத தவறு, வண்டியின் ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள குண்டு-கிண்ணத் தொகுதியான கோன்செட்டில் நேர்வது: கால் அங்குலக் குண்டு 6.35 மில்லிமீட்டர், அவற்றோடு 6 மில்லிமீட்டர் குண்டு சில கலந்துவிட்டால், பெரியவை மட்டுமே சுமையைத் தாங்கிக் கிண்ணத்தில் குழி பறிக்கும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் சி3 என்ற குறியைத்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். குண்டுக்கும் வளையங்களுக்கும் இடையே உற்பத்தியிலேயே விடப்படும் இடைவெளி, 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சாதாரணப் பேரிங்கில் 5 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சி3-இல் 13 முதல் 28. இரு வரம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், கையால் ஆட்டிப் பார்த்து உறுதியாகச் சொல்லவே முடியாது. கடலூர் முதுநகரில் ஒரு கடையில் வாங்கிய புதிய 6305 சி3-ஐ ஆட்டிப் பார்த்து, "இது ஓடிய சரக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். "சார், சி3 அப்படித்தான் ஆடும்" என்றார் கடைக்காரர். நான் கேட்காமல், ஆடாத சாதாரணப் பேரிங்கை வாங்கி வந்தேன்.

அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரியும் என்பதால், எஞ்சினின் கிராங்க் அமரும் அலுமினிய உறையான கேஸைச் சூடாக்கியதும் பேரிங் தானாகவே உள்ளே இறங்கிற்று. கேஸ் ஆறியபோது வெளிவளையத்தை இறுக்கியது. ஷாஃப்டில் அழுத்தி ஏற்றியதால் உள்வளையம் ஏற்கெனவே சற்று விரிந்திருந்தது. இரண்டுமாகச் சேர்ந்து இருந்த இடைவெளியை விழுங்கிவிட, கையால் சுழற்ற வேண்டிய கிராங்க் பிடித்துப் பிடித்துத் திரும்பியது. சி3-இல் கூடுதலாக விடப்படும் சில மைக்ரான் இந்த இறுக்கத்துக்காகத்தான். மறுநாள் அதே கடைக்குப் போய், நான் திருப்பிக் கொடுத்த அதே பேரிங்கை மீண்டும் வாங்கி வந்தேன்.