வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளராய் வளரும் பிள்ளைகள்

கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள ஸ்காபரோவில் தமிழ் இளையோருக்கு உளவளத்துணை செய்கிறேன். "பிள்ளை தமிழ் கதைக்குதில்லை, அதுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோர் அதிகம். நான் பார்த்த வரையில், களைத்துப்போய் வருவது பெரும்பாலும் நன்றாகத் தமிழ் கதைக்கும் பிள்ளைகள்தான். அதிலும் மூத்த பெண்பிள்ளைகள்.

வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதம், ஹைட்ரோ (மின்சார) பில், குடிவரவுப் படிவம் எல்லாவற்றையும் வாசித்துத் தமிழில் சொல்வது அந்தப் பிள்ளையின் தலையில். பலருடைய கதைகளைச் சேர்த்து ஒன்றாகச் சொல்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை அம்மாவோடு வைத்தியரிடம் போகிறாள். நித்திரை வருகிறதா, செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று வைத்தியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். அதை அம்மாவிடம் தமிழில் கேட்க வேண்டியவள் மகள். அம்மா நிலத்தைப் பார்த்தபடி, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தன் தம்பியைப் பறிகொடுத்ததைச் சொல்கிறார். வீட்டில் ஒருநாளும் எடுக்காத கதை. பிள்ளை அதை இரண்டு வரியில் வைத்தியருக்குச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் கணக்குப் பரீட்சை எழுதப் போகிறாள்.

கனேடியரா தமிழரா என்ற குழப்பம்தான் இளையோரை வாட்டுகிறது என்று மேடைகளில் சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இரண்டு பண்பாட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்பவர்கள் பொதுவாக மனநலத்தோடு இருக்கிறார்கள் என்பது குயின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் பெரியின் ஆய்வுகளில் வந்த முடிவு. அடையாளம் இரண்டாக இருப்பதைவிட, வயதுக்கு மீறிய பொறுப்புத்தான் இந்தப் பிள்ளைகளை அழுத்துகிறது. "எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்று ஊரே மெச்சும்போது, அவள் தன் வயிற்றுவலியையும் நித்திரையின்மையையும் யாரிடம் சொல்வாள்? அம்மா ஏற்கெனவே அழுகிறாரே.

பில் வாசித்துக் கொடுப்பதில் பிழையில்லை. சில பிள்ளைகளுக்கு அது பெருமைகூட. நோய், வழக்கு, கடன், அப்பா அம்மா சண்டை என்று வந்தால் பிள்ளையை இழுக்காதீர்கள். மருத்துவமனையில் நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்று. ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல இத்தனை வயது என்று சட்டம் எல்லை போடவில்லை; விஷயத்தையும் அதன் விளைவுகளையும் விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இருந்தால் போதும். குடும்ப வைத்தியரிடம் நீங்களே தனியாகப் பேசலாம், ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டை இருந்தால் அதற்குக் காசு இல்லை. உயிரை விடும் எண்ணம் வந்தால், கனடாவின் தற்கொலைத் தடுப்பு உதவி இலக்கமான 988க்கு அழையுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். இரவு பகல் எந்நேரமும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள்.