புதிர் தீருமா, அவிழுமா?

போன வாரம் திருப்பூர் வீட்டில், பொழுதோட கரண்ட் போன நேரத்தில், அக்கா மகன் கைபேசியில் ஒரு புதிர் விளையாட்டை வைத்து உட்கார்ந்திருந்தான். மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தான். ஒவ்வொரு லெவல் முடிந்ததும் "புதிர் தீர்க்கப்பட்டது" என்று திரையில் வந்தது. அப்புறம் "மேலும் 6 புதிர்களைத் தீர்க்கவும்". கடைசி லெவலும் முடிந்தபோது "எல்லாப் புதிர்களும் தீர்ந்துவிட்டன!" என்று பெரிய எழுத்தில் காட்டியது. பையன் முகம் வாடிப்போனது. "தீந்து போச்சுன்னா இனிப் புதுசா வராதுங்களா மாமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. சர்க்கரை தீர்ந்துபோச்சு, கேஸ் தீர்ந்துபோச்சு என்று தினமும் கேட்டு வளர்கிற குழந்தை அந்த வரியை வேறு எப்படிப் படிக்கும்? நல்ல தமிழ்க் காது உள்ளவன் சரியாகத்தான் படித்தான். மொழிபெயர்த்தவர்தான் தவறாக எழுதியிருக்கிறார். செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் பகுதியிலும் டிவி வினாடிவினாவிலும் "புதிரைத் தீர்க்க" என்று பலமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவன் நான். ஒரு குழந்தை அதைக் கேட்டு வருத்தப்பட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் புதிர் என்ற பெயர்ச்சொல்லை முடித்துவிடுகிறேன், அதில் பெரிய சண்டை இல்லை. ஆங்கிலத்தில் 'பசில்' என்பது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்தில் வருகிறது. முதலில் ஒருவரைத் திகைக்க வைப்பதைச் சொன்ன வினைச்சொல். திகைக்க வைக்கிற பொருளுக்கும் விளையாட்டுக்கும் பெயரானது பிறகுதான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தர விற்றார். நம்மூர்க் கடைகளில் இன்று 'பசில்' என்று கேட்டால் எடுத்துத் தருகிற அட்டைத் துண்டுகளுக்கு அதுதான் மூத்தது.

தமிழில் இதற்குப் புதிர் என்ற சொல் பழகிவிட்டது, நல்ல சொல். அதற்கும் முன்னால் 'பிசி' இருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை ஒரு தனி வகையாகவே வைக்கிறது. உவமையால் மறைத்துச் சொல்வது ஒன்று, தோன்றுவதைச் சொல்லியே மறைப்பது ஒன்று என்று அதை இரண்டாகவும் பிரிக்கிறது. "பிறை கவ்வி மலை நடக்கும்" என்பது உரையாசிரியர் காட்டும் பிசி. தந்தம் பிறை, உடம்பு மலை, ஆகவே யானை. நான்கே சொல்லில் மறைப்பும் திறப்பும் இருக்கிறது. பிசி வழக்கொழிந்துவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். புதிர் போதும். 'குழப்ப விளையாட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். அகராதியில் 'பசில்' என்ற வினைச்சொல்லின் முதல் பொருளைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்போல. குழப்பம் யாருக்கும் வேண்டாத ஒன்று, காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள்.

என் வழக்கு வினைச்சொல் மேல்தான். ஆங்கிலத்தில் புதிரை 'சால்வ்' பண்ணுகிறார்கள். அதன் லத்தீன் வேர் 'சொல்வெரெ'. அதற்கு முடிச்சைத் தளர்த்துவது, அவிழ்ப்பது என்றும் பொருள் உண்டு, கடனைக் கட்டித் தீர்ப்பது என்றும் பொருள் உண்டு. கடன் கட்ட வழியுள்ளவனை ஆங்கிலத்தில் 'சால்வென்ட்' என்பது அந்த இரண்டாம் பொருளிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துக்கொண்டது அவர்கள் வசதி. நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. கடன் தீரும், பசி தீரும், நோய் தீரும், வழக்கு தீரும். முடிச்சு அவிழும். 'சால்வ்' என்று கண்டவுடன் யோசிக்காமல் 'தீர்' என்று போடுகிறவர், நம் மொழி பிரித்து வைத்திருப்பதை மறுபடியும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குகிறார்.

தீர்கிறவை எல்லாம் என்னென்ன என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். கடன், பசி, தாகம், நோய், பாவம், பகை, வழக்கு. ஒன்றுகூட நாம் விரும்பி வைத்திருப்பதில்லை. சீக்கிரம் ஒழிந்தால் போதும் என்று இருக்கிறவை. அப்புறம் இன்னொரு வரிசை இருக்கிறது: அரிசி, எண்ணெய், காசு, பேட்டரி. இவை தீர்ந்தால் கவலை. ஒழிய வேண்டியதற்கும் தீர், ஒழியக்கூடாததற்கும் தீர். 'தீர்த்துக்கட்டுவது' என்றால் எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். புதிரை இந்த இரண்டு வரிசையில் எதில் சேர்ப்பது? புதிரை நாமே தேடிப் போகிறோம், அரை மணி நேரம் விடை கிடைக்காமல் உட்கார்ந்திருப்பதை விரும்பியே உட்கார்கிறோம். அந்தச் சுகத்துக்கு இடமே இல்லாத சொல் தீர்.

புதிர் தீர்கிறது என்பதற்குப் பதில் அவிழ்கிறது என்று எழுத வேண்டும் என்பது என் வாதம். மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவரோடு இதை இரண்டு மாலைப் பொழுது பேசினேன். அவர் மூன்று தடை சொன்னார்.

முதலாவது, பள்ளிப் பாடப்புத்தகம். கணக்குப் புத்தகத்தில் 'தீர்க்க' என்றுதானே பயிற்சி தொடங்குகிறது, பிள்ளைகளுக்குப் பழகிய சொல் அதுதானே என்றார். உண்மை. சமன்பாட்டில் தெரியாத ஒரு மதிப்பைக் கண்டுபிடிக்கிறோம், ஒரு ஐயம் தீர்கிறது, அங்கே அந்தச் சொல்லை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் அங்கிருந்து கிளம்பி, கோயில் திண்ணையில் பாட்டி போட்ட விடுகதை வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டதைத்தான் எதிர்க்கிறேன். தேர்வுத்தாளின் மொழி விளையாட்டுக்குள் நுழைந்தால் விளையாட்டும் தேர்வு மாதிரி ஆகிவிடுகிறது. கணக்கிலும்கூட வீட்டில் நாம் "கணக்குப் போடு" என்றுதான் சொல்கிறோம், "கணக்கைத் தீர்" என்றால் கடைக்காரர் பாக்கியைக் கேட்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது, பெயர்ச்சொல். 'தீர்வு' கைக்கு அடக்கமாக இருக்கிறது, 'அவிழ்' என்பதிலிருந்து என்ன எடுப்பீர்கள் என்றார். புதிருக்குக் கிடைப்பதன் பெயர் விடை. 'விடு' என்பதிலிருந்து வந்த சொல் அது. விடை பெறுகிறோம் என்பதிலும் விடை சொல்கிறோம் என்பதிலும் இருப்பது கட்டிலிருந்து விடுபடுவதுதான். விடுகதை என்பதிலும் அதே விடு. தமிழ் இந்த இடம் முழுவதையும் முடிச்சு, கட்டு, விடுதல், அவிழ்தல் என்ற ஒரே சித்திரத்தில் யோசித்திருக்கிறது. அதன் நடுவில் தீர்வு என்ற சொல் மட்டும் வேறு வீட்டிலிருந்து வந்து நிற்கிறது. 'விடுவி' என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, விடுகதைக்கு அது மிகப் பொருத்தம். கைதியையும் நிதியையும் விடுவித்து விடுவித்து அந்தச் சொல்லில் அரசாங்க வாடை ஏறிவிட்டது என்பது மட்டும்தான் குறை.

மூன்றாவது தடையைச் சொல்ல அவருக்கே கொஞ்சம் தயக்கம். அவிழ் என்றால் வேட்டி அவிழ்வது நினைவுக்கு வரும், ஆட்கள் சிரிப்பார்கள் என்றார். சிரிக்கட்டும். சங்கப் பாட்டில் முகை அவிழ்கிறது, அதாவது மொட்டு மலர்கிறது. வெந்து பிரிந்த சோற்றுப் பருக்கைக்கும் அவிழ் என்றே பெயர். மூடியிருந்தது தன் நேரம் வந்ததும் திறந்துகொள்வதற்கு இதைவிட நல்ல சொல் எந்த மொழியில் இருக்கிறது? ஒரு வேட்டிக்காக மொட்டையும் சோற்றையும் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

எனக்கு இந்தச் சொல் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. சென்னிமலையில் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வீட்டில் தறி இருந்தது. போர்வை நெய்வார்கள். சிட்டமாக வரும் நூலை ராட்டையில் போட்டு, தறிக்கு வேண்டிய சிறு குழலில் தார் சுற்றுகிற வேலையை லீவில் போகிற பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். கொஞ்சம் கவனம் தப்பினால் சிக்கு விழுந்துவிடும். நான் பல்லால் கடிக்கப் போவேன். அமுச்சி கையைப் பிடித்துக்கொள்ளும். "அத்துப்போடாத கண்ணு. நுனி எங்கியாச்சும் இருக்கும், பாரு." அறுத்தால் முடிச்சுப் போட வேண்டும், முடிச்சு விழுந்த இடம் போர்வையில் தெரியும். நூலை இழுக்கவும் கூடாது. இழுத்தால் சிக்கு இறுகும். தளர்த்தித் தளர்த்தி, எந்த இழை எதற்குக் கீழே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், ஒரு இடத்தில் கை வைத்ததும் மொத்தமும் தானாக விட்டுப்போகும். அந்த நொடிக்காகவே நான் தார் சுற்றப் போனேன்.

பல வருடம் கழித்து வீடியோ கேமில் அதே நொடியைப் பார்த்தேன். 1982இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபான் ஒரு பழைய விளையாட்டு. பெயருக்குக் கிடங்குக்காரர் என்று பொருள். கிடங்கில் கிடக்கும் பெட்டிகளை அவற்றுக்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. அவசரப்பட்டு மூலையில் தள்ளிவிட்டால் அந்தப் பெட்டி அங்கேயே கிடக்கும், செய்த நகர்த்தலை விட்டுப் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். இழுத்தால் இறுகும் நூல் அது. கடைசிப் பெட்டி போய் உட்காரும்போது, சரியான நுனி முதல் நகர்த்தலிலேயே இருந்தது என்று தெரியும். இதைப் போய் 'தீர்த்தேன்' என்று எப்படிச் சொல்வது? நான் செய்தது குறைவு. அது அவிழ்ந்தது.

இலக்கணத்தையும் பாருங்கள். அவிழ்த்தான், அவிழ்ந்தது என்று பிறவினையும் தன்வினையும் உண்டு. ஆங்கிலக்காரருக்கு 'சால்வ்' என்பதில் இந்தத் தன்வினை வசதி இல்லை, அதனால் 'சால்வ் செய்யப்பட்டது' என்று செயப்பாட்டில் எழுதுகிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பார்த்து 'தீர்க்கப்பட்டது' என்கிறார்கள். 'சேமிக்கப்பட்டது', 'திறக்கப்பட்டது', 'தோல்வியடையப்பட்டது' என்று திரை முழுக்கப் பட்டது பட்டது. கதவு திறந்தது என்றால் போதாதா?

சொற்களே புதிராக இருக்கும் விளையாட்டும் உண்டு. பின்லாந்துக்காரர் ஆர்வி தெய்காரி செய்து 2019இல் வெளியான 'பாபா இஸ் யூ'. அதில் விதிகள் சொற்கட்டைகளாகத் தரையில் கிடக்கும். 'சுவர்', 'இஸ்', 'தடை' என்று மூன்று கட்டை ஒரே வரிசையில் இருந்தால் சுவரைத் தாண்ட முடியாது. நடுக் கட்டையைத் தள்ளிவிட்டால் வாக்கியம் உடையும், சுவர் வழிவிடும். இதைத் தமிழில் கொண்டுவருவது எப்படி என்று நான் பல நாள் யோசித்தேன். நமக்கு 'இஸ்' கிடையாது. 'சுவர் தடை' என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். நடுவில் தள்ளக் கட்டை வேண்டுமே! 'என்பது' என்று வைக்கலாம், 'ஆகும்' என்றால் கடைசிக்குப் போய்விடும், வரிசையே மாறிவிடும். ஒரு மொழிபெயர்ப்பாளர் இப்படி உட்கார்ந்து யோசித்தால் அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் போட்டு அனுப்பிவிடுகிறவருக்கு இந்தக் கேள்வியே வராது.

அதே அவசரம்தான் வீடியோ கேமைக் 'காணொளி விளையாட்டு' ஆக்கியது. காணொளி காண்பதற்கு உரியது. இது கையால் ஆடுவது. 'நிகழ்பட ஆட்டம்' என்றும் ஆக்கியிருக்கிறார்கள், அதில் ஆட்டம் என்பது அருமையான சொல், ஆடுபுலி ஆட்டம் மாதிரி. நிகழ்படம்தான் யாருக்கும் ஏறவில்லை. வீடியோ கேம் என்றே எழுதலாம் என்பது என் கட்சி. நான் தனித்தமிழுக்கு எதிரி இல்லை. ஊரில் இல்லாத சொல்லை உண்டாக்க இவ்வளவு பாடுபடுகிறவர்கள், ஊரில் உயிரோடு இருக்கும் அவிழ் என்ற சொல்லைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லையே என்பதுதான் வருத்தம்.

கரண்ட் வந்த பிறகு பையனுக்குச் சோகோபானைப் போட்டுக் கொடுத்தேன். நாலாவது லெவலில் மாட்டிக்கொண்டான். யூடியூபில் விடை பார்க்கட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது, அக்கா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சத்தம் வந்தது.

"மாமா, அவுந்துருச்சுங்க!"

அந்தச் சொல்லை நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. மறுநாள் நண்பருக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். அவர் கையில் இருக்கும் விளையாட்டில் 'புதிர் தீர்க்கப்பட்டது' என்பதை 'புதிர் அவிழ்ந்தது' என்று மாற்றிவிட்டார். 'குறிப்பு' என்ற பொத்தானுக்கு 'நுனி' என்று வைக்கலாமா என்று இப்போது அவரே கேட்கிறார்.