வியாழனில் வெயில் அடிக்கிறது

ஜூம் கேமராவை வியாழன் பக்கம் திருப்பினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வெள்ளைப் பொட்டுதான். ஜூம் போதவில்லை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் படத்தைக் கெடுத்தது அளவுக்கு மீறிய வெளிச்சம்.

நமக்குத்தான் இரவு. நாம் பார்க்கும் வியாழனின் முகத்தில் வெயில் அடிக்கிறது. சூரியனிலிருந்து நம்மைவிட 5.2 மடங்கு தொலைவில் இருப்பதால் அந்த வெயிலின் வலு இங்குள்ளதில் 27-இல் ஒரு பங்கு; ஆனாலும் அது பகல் வெளிச்சமே. கேமராவின் ஆட்டோவுக்கு இது தெரியாது. திரை முழுக்கக் கறுப்பாக இருப்பதைப் பார்த்து ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது, கோள் வெளுத்துப்போகிறது. முக்காலியில் பொருத்தி, மேனுவலுக்கு மாற்றி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, ஷட்டர் 1/100 நொடி என்று தொடங்கிப் பாருங்கள். பழுப்புப் பட்டைகள் இரண்டு தலைகாட்டும். இன்னொரு லாபமும் உண்டு. பூமி சுழல்வதால் வியாழன் சுமார் 3 நொடியில் தன் அகலத்தின் அளவுக்கு வானில் நகர்ந்துவிடும். 1/100 நொடியில் அந்த நகர்வு பதிவாகாது. மங்கலான அதன் நான்கு பெரிய நிலவுகளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும், அவற்றைத் தனிப்படமாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஃபோகஸ். பலர் ஏமாறுவது இங்கேதான். ஃபோகஸ் தவறினால் புள்ளி உப்பிப் பெரிய தட்டாகும். உள்ளே அலையடிப்பதுபோல் நெளியும். அழகாக இருக்கும், ஆனால் அது கோள் அல்ல. வட்டம் லென்ஸ் திறப்பின் வடிவம், நெளிவது நம் தலைக்கு மேலுள்ள காற்று. ஃபோகஸைத் திருகும்போது கோள் எப்போது மிகச் சிறியதாகத் தெரிகிறதோ, அதுவே சரியான இடம்.

எவ்வளவு சிறியது? உதாரணத்துக்கு, நிக்கான் பி1000 என்ற ஜூம் கேமராவுக்குச் சொல்லப்படும் '3000 மி.மீ.' என்பது 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடான கணக்கு. உண்மையான குவியத்தூரம் 539 மி.மீ., முழு ஜூமில் லென்ஸ் திறப்பு சுமார் 67 மி.மீ. 4608 பிக்சல் அகலப் படத்தில் வியாழன் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 90 பிக்சல். டிஜிட்டல் ஜூம் அந்தத் தொண்ணூறை இழுத்துப் பெரிதாக்குமே தவிர, புதிதாக எதையும் காட்டாது.

காற்றை என்ன செய்வது? கோள் உயரத்தில் இருக்கும்போது ஒரு நிமிட வீடியோ எடுங்கள். காற்று ஒரே சீராகக் கலங்குவதில்லை. இடையிடையே சில ஃபிரேம்கள் தெளிவாக விழும். ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருள் அவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். 100 ஃபிரேம்களை அடுக்கினால் இரைச்சல் (படத்தில் தெறிக்கும் பொடிப்புள்ளிகள்) பத்தில் ஒரு பங்காகும்.

சனிக்கு 1/30 நொடி வேண்டும், வெயில் அங்கே இன்னும் குறைவு. 1610-இல் கலிலியோ இந்த கேமராவைவிடச் சிறிய திறப்புள்ள தொலைநோக்கியில் சனியைப் பார்த்து, மூன்று உருண்டைகள் ஒட்டி நிற்பதாக எண்ணினார்; பக்கத்திலிருந்த இரண்டும் உண்மையில் அதன் வளையம். 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி மெல்லிய கோடாகிப்போனது. இனி சுமார் 2032 வரை விரிந்துகொண்டே போகும். ஆண்டுக்கு ஒரு படம், அதே ஜூமில் எடுத்து வைத்தால் அந்த விரிவை வரிசையாகப் பார்க்கலாம்.