குளத்துக்குக் கீழே காணி: வன்னியில் வீடு கட்டுமுன் பார்க்க வேண்டியவை

ஆடி, ஆவணியில் இலங்கையின் வடக்கே வன்னியின் எந்தக் காணியும் நல்ல காணியாகத்தான் தெரியும். குளம் அடிமண்ணைக் காட்டிக்கொண்டு கிடக்கும், ஓடையைப் பற்றை மூடியிருக்கும். காணி பார்ப்பது, அளப்பது, வீட்டுத் திட்டத்துக்கு அடிக்கல் வைப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நடக்கின்றன. ஆனால் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களில் விழுகிறது. காணியைப் பார்க்க வேண்டிய காலமும் அதுதான். அப்போது போக வழியில்லையென்றால், அந்த ஊரில் முப்பது வருடமாவது மாடு மேய்த்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மலைநாட்டில் பள்ளத்தாக்கு கண்ணுக்கு முன்னால் நிற்கும். வன்னியிலும் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. சரிவு நூறு அடிக்கு ஓரடி, இரண்டடி என்பதால் அவை எங்களுக்குப் பிடிபடுவதில்லை. கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு ஒவ்வொன்றும் நீண்டு படுத்த ஒரு பள்ளத்தாக்குத்தான். அதற்குக் குறுக்கே மண் கட்டி மறித்ததைக் குளம் என்கிறோம். ஒரே ஓடையில் மேலும் கீழுமாகப் பல குளங்கள் கோத்திருப்பதால், மேலே ஒன்று உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் அடுத்த குளத்தின் தலையில் விழும். உங்கள் ஊர்க் குளம் நல்ல நிலையில் இருக்கிறது என்பது பாதிச் செய்திதான். அதற்கு மேலே எத்தனை குளங்கள், அவற்றின் கட்டுகள் எப்படி இருக்கின்றன என்பது மீதிப் பாதி.

பழைய கிராமங்களில் கட்டுக்குக் கீழே நடுப்பள்ளம் வயலாகவும், வீடுகள் பக்கத்து மேட்டிலும் இருப்பதைப் பார்க்கலாம். இடம்பெயர்ந்து திரும்பியபோதும் புதிய குடியேற்றங்களின்போதும் இந்த ஒழுங்கு பல இடங்களில் குலைந்தது. றோட்டுக்குக் கிட்ட எங்கே அரச காணி இருந்ததோ அங்கே கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று கோடு கீறிக் கொடுத்தார்கள். 2009 ஓகஸ்ட்டில், பருவமழை தொடங்குவதற்கு முன்பே பெய்த மழைக்கு, போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. காட்டை வெட்டி, தண்ணீர் போகும் வழியை நினைக்காமல் சனத்தை இருத்தினால் என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு மழை காட்டியது.

காணியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குளம் நிரம்பி வான் பாய்ந்தால், அதாவது மிகுதித் தண்ணீர் வெளியேறவென்று கட்டில் விட்ட வழியால் வழிந்தால், அது எந்தப் பக்கத்தால் போகும் என்பது. வான் பாயும் பாதை ஐந்தாறு வருடம் வறண்டு கிடந்தால் அதில் வேலி வரும், பிறகு கொட்டில் வரும், பிறகு கல்வீடு வரும். 2018 டிசம்பர் 21 இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழே கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் மிதந்தது. கதவைத் திறந்ததைப் பற்றி வாதங்கள் பல. ஆனால் திறக்காமல் விட்டிருந்தால் கட்டுக்கே ஆபத்து. திறந்த தண்ணீர் போகும் வழியில் வீடு இருக்கக்கூடாது என்பதுதான் திட்டமிடுபவர் பார்க்க வேண்டிய விடயம்.

நிலமும் தானே சொல்லும். மருதமரம் நின்றால் அது தண்ணீர்ப் பாதை. பாலைமரமும் வீரைமரமும் நின்றால் அது செம்மண் மேடு. சந்தேகமென்றால் மூன்றடிக் குழி ஒன்று வெட்டுங்கள். சாம்பல் நிறக் களியில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் இருந்தால், வருடத்தில் சில மாதம் அந்த மண் தண்ணீருக்குள் கிடக்கிறது. மட்டம் பார்க்க மேசன்மார் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் லெவல் ரியூபில் ஐம்பது அடி எடுத்து, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, பழைய வெள்ளம் அடையாளம் விட்ட சுவரிலிருந்து படிப்படியாக உங்கள் காணிவரை மட்டம் கொண்டு வாருங்கள். வீட்டு நிலம் அந்த அடையாளத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது நிற்க வேண்டும். மலசலகூடக் குழியின் வாயையும் கிணற்றுக் கட்டையும் அதே மட்டத்துக்கு மேல் எழுப்புங்கள்.

தனி வீட்டை உயர்த்தினால் போதாது. குடியேற்றத்துக்குள் போடும் ஒவ்வொரு கிறவல் (சரளை மண்) றோட்டும் ஒரு சின்னக் குளக்கட்டு. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை என்றால் ஏறத்தாழ 1,03,000 லீற்றர் தண்ணீர். நூறு ஏக்கரில் மணிக்கு ஓர் அங்குலம் பெய்து, அதில் பாதி மட்டும் ஓடிவந்தாலும் விநாடிக்கு 1,400 லீற்றருக்கு மேல் வரும். ஓரடி விட்டக் குழாய் விநாடிக்கு 150 லீற்றர் அளவில்தான் கடத்தும். பத்துக் குழாய் வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டு மதகு என்று பெயர் வைத்தால், றோட்டின் மேற்பக்கத்து வீடுகள் குளமாகும், பிறகு றோட்டும் அறுந்துபோகும்.

குளக்கட்டில் நடக்கும் மிகப் பெரிய பிழை, கூடுதல் தண்ணீர் பிடிக்க வானை மண்மூட்டையால் உயர்த்துவது. மழை குறைந்த காலத்துச் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்ற கமக்காரரின் தவிப்பு நியாயமானது. ஆனால் கணக்கைப் பாருங்கள். வான் மட்டத்துக்கும் கட்டின் உச்சிக்கும் மூன்றடி இடைவெளி இருந்தது என்று வைப்போம். ஓரடி மூட்டை அடுக்கினால் இரண்டடிதான் மீதி. இடைவெளி மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் தண்ணீர் கட்டை மேவுமுன், அதாவது அதன் உச்சிக்கு மேலால் வழியுமுன், வானால் வெளியேறக்கூடிய தண்ணீர் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. மண்கட்டின் மேலால் தண்ணீர் வழியத் தொடங்கினால் பின்பக்கச் சரிவு கரைந்து, சில மணி நேரத்துக்குள் உடைப்பு எடுக்கலாம். மாடு ஏறி இறங்கித் தேய்ந்த இடம்தான் முதலில் மேவும். மழைக்கு முன் அந்தப் பள்ளத்தை இறுக்கி நிரப்ப வேண்டும்.

இன்னொரு வழி உள்ளிருந்து அரிப்பது. கரையான் புற்று, உடும்பு வளை, வெட்டிய மரத்தின் உக்கிய வேர், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசுக் குழாயை ஒட்டிய இடைவெளி ஆகியவற்றால் தண்ணீர் வழி தேடும். இதற்குப் புயல்மழை தேவையில்லை. திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில், மாரி இல்லாத காலத்தில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டின் அடியில் கசிவு கண்டால் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அடையாளம் வைத்து நாளுக்கு இரண்டு முறை கவனியுங்கள். கலங்கி வந்தால் கட்டின் மண் வெளியே வருகிறது. அந்த வாயைக் களியால் அடைக்காதீர்கள். அடைத்த தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். கசிவு வாயைச் சுற்றிவர மண்மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே தேங்கும் தண்ணீரின் பாரத்தால் கசிவு தெளியும்வரை உயர்த்துங்கள். தெளிந்த தண்ணீர் வழிந்து ஓடட்டும். அதே நேரத்தில் கீழே இருப்பவர்களை எழுப்ப ஆள் போக வேண்டும். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்ச்சும் குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், பெரியதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள்.

ஆபத்தான இடம் என்று சொல்வது மட்டும் சனத்தைக் காப்பாற்றாது. மலையகத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சனம் அங்கேயே இருந்தது, போவதற்கு வேறு காணி கொடுக்கப்படவில்லை. தமிழருக்கு எதிரான கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களில் பல, இங்கேயும் வாய்க்கால் கரையிலும் குள ஒதுக்கு நிலத்திலும்தான் இருக்கின்றன. வெள்ள அபாய வலயம் என்று பலகை நடுவதோடு பிரதேச செயலகத்தின் வேலை முடிந்துவிடாது. அதே கிராம அலுவலர் பிரிவுக்குள் மேட்டுக் காணி, பத்திரத்தோடு, வயலுக்கு நடந்து போகும் தூரத்தில் கொடுக்க வேண்டும். ஐந்து கிலோமீற்றர் தள்ளிக் கொடுத்தால் மாடும் வயலும் இருக்கும் இடத்துக்கே சனம் திரும்பி வரும்.

வெளியேறும் வழியை மழைக்கு முன்னரே பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடும் திசையில் கீழே ஓடக்கூடாது. பள்ளத்துக்குக் குறுக்காக, பக்கத்து மேட்டுக்கு ஏற வேண்டும். அரையடிதானே என்று ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள், அதன் வேகமே ஆளை விழுத்தும். இரண்டடித் தண்ணீர் வாகனத்தையே தள்ளிக்கொண்டு போகும். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் கிளினிக் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி, வீட்டில் உயரமான இடத்தில் ஐப்பசி பிறக்க முன் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைக் கதவின் உட்பக்கத்தில் கரியாலாவது எழுதி வையுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியட்டும்.