மசி தொடாத கோடுகள்

பழைய ஆங்கில மாளிகையின் பிளான் ஒன்று கையில் கிடைத்தால், விவரம் தெரிந்தவர்கள் விளக்கைத் தாளின் ஓரமாகச் சாய்த்துப் பிடிப்பார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, நேர்பார்வைக்குச் சிக்காத மெல்லிய பள்ளங்கள் தெரியவரும். முனை மழுங்கிய உலோகக் குச்சியால் கீறிய கோடுகள் அவை. முதலில் கீறல், அது சரியாக வந்தால்தான் மேலே மசி. மசி ஏறாமல் நிற்கும் கீறல்களில் சில வெறும் மையக்கோடுகள். மற்றவை கட்டடக்கலைஞர் யோசித்துக் கைவிட்ட சுவர்கள், நகர்த்திய ஜன்னல்கள். எனக்கு மசிக்கோட்டைவிட இவைதான் சுவாரசியம்.

அப்புறம் ஊசித்துளைகள். வளைவின் மையத்தில் ஒற்றைத் துளை இருந்தால் கவராயத்தின் கால் நின்ற இடம். சுவர் முனைதோறும் துளை இருந்தால் அது நகல் எடுத்த தடயம். மூலத்தின் அடியில் வெற்றுத்தாளை வைத்து, முக்கியப் புள்ளிகளில் ஊசியால் குத்தி, கீழ்த்தாளில் அந்தப் புள்ளிகளைக் கோடுகளால் இணைப்பார்கள்.

மசி என்ன தெரியுமா? நாட்டுமருந்துக் கடை மாசிக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, கொஞ்சம் பிசின். மாசிக்காயின் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, காற்றுப்பட்டதும் கறுக்கும். நூற்றாண்டுகள் போனால் பழுப்பாகும். அதிலுள்ள அமிலம் தாளையும் அரிக்கும். மசி தடித்த இடங்களில் தாள் கோட்டோடு பிளந்துவிடுவதும் உண்டு. புகைக்கரி மசிக்கு இந்தச் சிக்கல் இல்லை, கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

தாளின் கீழே வரைந்திருக்கும் அளவுகோல் பட்டையை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஈரம் பட்டால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். 'அங்குலத்துக்குப் பத்தடி' என்று எழுத்தில் மட்டும் இருந்தால், சுருங்கிய தாளில் கணக்கு பிசகும். பட்டையோ தாளோடு சேர்ந்தே சுருங்குகிறது. அதைக் கவராயத்தில் எடுத்து அளந்தால், பெரும்பாலும் பிசகாது.

முகப்புப் படங்களில் இன்னொரு தந்திரம். இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கப்போகும் மாளிகைக்கு இரண்டு பாதியையும் வரைவானேன்? இடப்பாதியில் ஒரு யோசனை, வலப்பாதியில் வேறொன்று. பிடித்ததை உரிமையாளர் தேர்ந்துகொள்ளலாம். இது தெரியாமல் பார்த்தால் கோணல் வீடு என்றே தோன்றும்.

வரைந்ததெல்லாம் எழும்பிவிடவில்லை. டர்பிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகைக்கு நான்கு பக்கக்கட்டடங்கள் திட்டமிடப்பட்டன. வடக்கே இரண்டு மட்டுமே எழுந்தன. 1760-இல் அந்த வேலையை ஏற்ற ராபர்ட் ஆடமின் அலுவலக வரைபடங்களில் 8,000-க்கும் மேற்பட்டவற்றை, 1833-இல் ஜான் சோன் என்ற கட்டடக்கலைஞர் 200 பவுண்டுக்கு வாங்கினார். லண்டனில் அவர் வாழ்ந்த வீடே இன்று அருங்காட்சியகம். அந்த வரைபடங்கள் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன.