தோட்டத்துக்குள் முளைக்கும் நகரம்

பல்லடம், சோமனூர் வட்டாரத்துத் தோட்டங்களில், முன்பு சோளத்தட்டுப் போர் நின்ற இடத்தில் இன்று தறிக்குடோன் நிற்பதையும், உள்ளே நான்கு விசைத்தறிகள் காதடைக்க ஓடுவதையும் காணலாம். அங்கே தறி ஓட வேண்டும் என்று எந்த நகரமைப்புத் திட்டமும் சொன்னதில்லை. தண்ணீர் வற்றிய தோட்டத்தை வைத்துக்கொண்டு ஓர் உழவர் குடும்பம் எடுத்த முடிவு அது. கொங்கு நாட்டு ஊர்கள் பலவும் இத்தகைய முடிவுகள் ஒன்றோடொன்று சேர்ந்தே நகரமாயின.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் இங்கு வேளாண்மை கிணற்றை நம்பியே நடந்தது. 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை ஆலைகளுக்குக் கிடைத்த மின்சாரம், காலப்போக்கில் தோட்டத்து மோட்டார்களுக்கும் வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகிப் பாறை இடுக்குகளில் இருந்த நீர் இறங்கியபோது, இறைப்பதற்காக வந்த மின்பாதையே தறி ஓட்டவும் கைகொடுத்தது. பாவு எனும் நெடுக்கு நூலையும் ஊடை எனும் குறுக்கு நூலையும் ஜவுளி உற்பத்தியாளரே கொடுத்து, நெய்ததற்குக் கூலி தருவதால், நூல் வாங்க முதல் இல்லாதவரும் தறி போட முடிந்தது; இந்தக் கூலிமுறை இல்லாதிருந்தால் தொழில் சாளை எனப்படும் தோட்டத்து வீடுவரை வந்திருக்காது என்பதே என் எண்ணம். திருப்பூர்ப் பனியன் தொழிலிலும் வெட்டுதல், தைத்தல், செக்கிங் எனப் பிரிந்த வேலைகள் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் பரவின. வேலைக்கு வந்தவர்களுக்காக லைன் வீடுகளும், அவற்றையொட்டி மெஸ்ஸும் மளிகைக்கடையும் எழுந்தன. வெள்ளாமையைவிட வாடகை நிச்சயமானது என்று கண்டபின் சாலையோர நிலங்கள் சைட்டுகளாயின. அத்தகைய அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்தது 2017இல்தான்.

குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மை உழைப்பாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்றும் பொருந்தும் ஊரை, நகர உள்ளாட்சி இல்லாவிட்டாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரமாகவே எண்ணுகிறது. இந்தியாவில் 2001இல் 1,362 ஆக இருந்த இவ்வகை ஊர்கள் 2011இல் 3,894 ஆயின. ஆனால் நிர்வாகம் கிராம ஊராட்சியிடமே இருக்கிறது. பாதாளச் சாக்கடைக்கான நிதியோ பொறியாளர்களோ அதனிடம் இல்லை.

இதன் விளைவை மக்கள் குடிக்கும் நீரிலேயே சுமக்கிறார்கள் என்பதுதான் வேதனை. பத்து லைன் வீடுகளுக்குப் பொதுவாகத் தோண்டிய உறிஞ்சுகுழியில் இறங்கும் கழிவுநீரை மெல்லிய மேல்மண்ணால் வடிகட்டித் தீர்க்க முடிவதில்லை. முன்பு கிணற்றுக்கு ஊற்றாக இருந்த அதே பாறை இடுக்குகளின் வழியே அது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைச் சென்றடைகிறது.