சுவிட்ச் ராடு: பொத்தானா, விளாறா?

சுவிட்ச் ராடு என்பது போலிப்பூச்சி கட்டி மீன் பிடிக்கும் ஒருவகைத் தூண்டில் கோல். சுவிட்ச் என்றதும் நம் கை சுவரில் விளக்குப் பொத்தானைத் தேடும். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது இந்தச் சொல்லுக்கு மின்சாரத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. குதிரையை விரட்டும் மெல்லிய, வளையும் குச்சிக்குத்தான் அந்தப் பெயர். புளியமரத்தில் ஒடிக்கும் விளாறு இருக்கிறதே, அதேதான். தண்டவாளத்தைத் திருப்பும் அமைப்பும் மின்பொத்தானும் ‘மாற்றுதல்’ என்ற பொருளும் பின்னால் வந்து சேர்ந்தவை.

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் மரங்கள் நெருக்கமாக நிற்கும் இடங்களில் தூண்டில் நாணைப் பின்னால் நீள வீச வழியில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டில் சால்மன் மீன் பிடித்தவர்கள் நீண்ட கோலை இரு கையாலும் பிடித்து ஒரு வீச்சைப் பழகினார்கள். நாண் கோலுக்குப் பின்னே வளைந்து தொங்கும். அதன் நுனி நீரைத் தொட்டதும் மேல்கை தாங்க, கீழ்கை கோலின் அடிக்கட்டையை வயிற்றை நோக்கி இழுக்கும். நாண் முன்னே பாயும். இவ்வகை வீச்சு ஒன்றுக்கு ‘சுவிட்ச் வீச்சு’ என்ற பெயர் அந்த நூற்றாண்டிலேயே வழங்கியது.

இன்றைய சுவிட்ச் ராடு ஏறத்தாழ 11 அடி. 9 அடி ஒற்றைக்கைக் கோலுக்கும் 13 அடியைத் தொடும் இருகை ஸ்பே கோலுக்கும் இடைப்பட்டது. ஒரு கையாலும் இரு கையாலும் மாறி மாறி வீசலாம் என்பதால் இந்தப் பெயர் என்றே இப்போது பலரும் விளக்குகிறார்கள். ஆனால் நாள் முழுக்க ஒரு கையால் வீசினால் மணிக்கட்டு தாங்காது. இது இரு கைக்கான கோல் என்பதே என் முடிவு.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘நிம்ஃப்’. கிரேக்கத்தில் மணப்பெண், பூச்சியியலில் இறக்கை முற்றாத பருவம். டிரவுட் மீன் பெரும்பாலும் நீருக்கடியில்தான் இரையெடுக்கும். ஆகவே நிம்ஃப் போலக் கட்டிய, எடையேற்றிய போலிப்பூச்சியை ஆற்றடியில் மிதந்து போகவிடுவார்கள். நடு ஆற்றில் நீர் விரையும், கரையோரம் தயங்கும். இரண்டின் மீதும் நாண் கிடந்தால் பூச்சி இழுபடும், மீன் தொடாது. நீளக் கோல் நாணை நீரிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. நாணில் கட்டிய தக்கை ஒரு நொடி தயங்கி நின்றால் மீன் கவ்வியிருக்கலாம், உடனே கோலை உயர்த்த வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? நிம்ஃபை ‘அணங்கு’ என்பது அழகுதான். ஆனால் அணங்கு வருத்தும் தெய்வம். ‘இளம்பூச்சி’ போதும். கோலுக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. ‘நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண் கொளீஇ’ என்கிறது பெரும்பாணாற்றுப்படை. கழை மூங்கில், நாண் கயிறு. அதைப் பின்பற்றி ஸ்பே கோலை ‘இருகை நெடுங்கழை’ என்றும், சுவிட்ச் ராடை ‘இருகை இடைக்கழை’ என்றும் எழுதலாம். ‘கைமாற்றுக் கோல்’ மட்டும் வேண்டாம். கைமாற்று என்றால் நமக்குச் சில்லறைக் கடன்.